கால்மாட்டில் ஒரு சாண்

கீழ்க்கட்டில் அன்று முழுதாக உள்ளே போகவில்லை. வினோதினி முழங்காலிட்டு இரு கைகளாலும் தள்ளினாள். சக்கரங்கள் சிணுங்கின, இருட்டுக்குள்ளிருந்து வார்னிஷ் நெடி எழுந்தது, ஆனால் மேல்கட்டிலின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் பலகை பிடிவாதமாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் பிள்ளைகள், மூத்தவள் கவிநிலாவும் இளையவன் இனியனும் உறங்குவதற்காக, சமையலறையை ஒட்டிய நடையைத் தடுத்து உண்டாக்கிய அறை அது. நான்கடி அகலம், பத்தடி நீளம். பக்கவாட்டில் இழுக்க இடமில்லாததால், கால்மாட்டுப் பக்கம் இழுக்கும்படி ஒரு கட்டிலுக்குள் இன்னொரு கட்டிலைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். தச்சன் பிரகாஷ் அதைக் கொண்டுவந்து இறக்கியபோது, எட்டு வயதுக் கவிநிலா காய்ச்சலில் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் இறந்தவரின் துணிமணிகள் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கேட்டவர்களிடமெல்லாம் "குடுத்தாச்சு" என்றாள் வினோதினி. கொடுக்கவில்லை. சீருடை, பாவாடை, தலையணை என அனைத்தையும் கீழ்க்கட்டிலில் பரப்பி, போர்வையால் மூடி, உள்ளே தள்ளியிருந்தாள். ஓராண்டாகிறது.

பிரகாஷ் வந்து டேப்பை நீட்டினான். இருமுறை அளந்தான்.

"அஞ்சடிதாங்க்கா செஞ்சேன். இப்ப அஞ்சே முக்கால் இருக்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்குமா?"

"அகலத்துலதாங்க்கா ஊதும். நீளவாட்டுல எந்த மரமும் வளராது. புள்ளையா என்ன, வருசா வருசம் வளர?"

சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பையிலிருந்து உளியை எடுக்காமலேயே கிளம்பிப் போனான்.

அன்றே அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தில் புதைத்து முகர்ந்து, மடித்து மூட்டையாகக் கட்டினாள். கணவன் சக்திவேல், "இத்தினி நாளா இங்கியா வெச்சிருந்த?" என்று மட்டும் கேட்டான். மூட்டையை மார்போடு அணைத்தபடி வெளியே நடந்தான்.

மறுநாள், போர்வை மட்டும் மிஞ்சிய அந்தக் கட்டில் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது.

மாலையில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் மறைந்துவிடும் தெரு அது. வெளியே வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நிழல் ஓடுகளின் மேல் இறங்கி, சுவரோரமாக வழிந்து, அந்தச் சின்ன அறையை நிறைத்துவிடும். பள்ளிவிட்டு வந்த இனியன் மேல்கட்டிலின் தலைமாட்டு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். ஜூன் மாதம் முழங்காலில் நின்ற கால்சட்டை இப்போது கணுக்காலை எட்டியிருந்தது.

"காலை நீட்டி உக்காருடா கண்ணு."

"வேணாம்மா. அக்காவுக்கு எடம் பத்தல. அது ஜாஸ்தி எடுத்துக்கட்டும். நான் கம்மி பண்ணிக்கினேன்."

அவள் கட்டிலில் ஏறி அவனை வாரியெடுத்தாள். கனமே இல்லை. மருத்துவமனையில் முதல்முறை கையில் வாங்கிய நாளின் எடை.

பின்னால் சக்கரங்கள் உருண்டன. மெதுவாக. யாரும் இழுக்கவில்லை.

திரும்பினாள். பலகை அறையைக் கடந்து கதவை முட்டி நின்றது. உட்புறம் திறக்கும் கதவு. இனித் திறக்காது.

அதன்மேல் கிடந்த போர்வையின் நடுவே ஒரு பள்ளம். ஆள் படுத்த பள்ளம். எட்டு வயதுப் பிள்ளையின் நீளமல்ல.

"கவி... தம்பிய உட்டுடும்மா."

பள்ளம் புரண்டு படுத்தது. கால்மாட்டில் பலகை கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். இடம் போதாமல், கேட்கவும் கூசி, மகள் உறக்கத்தில் முனகும் ஒலி.

மடியில் இனியன் உள்ளங்கையளவு முதுகோடு சுருண்டு கிடந்தான். அழவில்லை.

வினோதினி தன் கால்களை மடக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். முழங்கால்கள் தாடையைத் தொட்டன.

"நீட்டிக்கோடி தங்கம்," என்றாள்.

கைவளையல்கள் ஒவ்வொன்றாகத் தாமே கழன்று விரிப்பில் விழுந்தன.