இடப்பக்கம் இழுத்த முள்

கிள்ளானுக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன விமானத் திடலுக்கு, விமானக் கருவிகளைச் சோதிக்கும் அனுப்பிரியா வந்து சேர்ந்தபோது மணி மூன்று. புகைமூட்டத்தில் ஓடுபாதையின் மறுமுனை தெரியவில்லை. எங்கோ காடு எரிந்த வாடை தொண்டையை அறுத்தது.

ஒரே வாரத்தில் மூன்று விமானிகள் ஒரே புகாரைச் சொல்லியிருந்தார்கள். தரையிறங்கும்போது, திடலின் ஆன்டெனா அனுப்பும் சிக்னலைப் பிடித்து ஓடுபாதைக்குத் திசைகாட்டும் முள் இடப்பக்கம் இழுக்கிறது. அதை நம்பிப் போனால் ஓடுபாதை வராது. இடப்புறம் இருக்கும், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம்தான் வரும்.

"ஆன்டெனா முன்னால லோரி ஏதும் நிக்குதா அண்ணே?"

"ஒன்னும் இல்லலா," என்றார் மூத்த டெக்னீஷியன் தம்புசாமி. "கேபிள்ல தண்ணி இறங்கல. விமானத்துல இருக்கற ரிசீவரையும் மாத்தியாச்சு." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு பாலன் ஞாபகமாவே இருக்கும்மா."

பாலன் ஓட்டிய விமானம் போன வருஷம் அந்தத் தோட்டத்தில்தான் விழுந்தது; அவன் பிழைக்கவில்லை. அதன் கருவிகளைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவள் அனுப்பிரியா. அன்றைக்குக் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அது யாருக்கும் தெரியாது.

"சிக்னலை ஆஃப் பண்ணிடுங்கண்ணே."

விசை கீழே இறங்கியது. இயந்திரத்தின் ரீங்காரம் அடங்கியது.

அப்போது ரேடியோ கரகரத்தது. ஈப்போவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த விமானி ராசிக்.

"அக்கா, முள்ளு இப்ப ஆடாம நிக்குது. இறங்கறேன்."

அவள் மைக்கைப் பறித்தாள்.

"சிக்னலே இல்ல ராசிக்! நம்பாத, மேல ஏறு!"

"டவர்லேர்ந்து ஒரு அண்ணன் வழி சொல்றாரே."

"யாரு?"

"பாலன்னு சொன்னாரு."

பிறகு வெறும் இரைச்சல்.

தூரத்தில், செம்பனை மட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன.

நொறுங்கிய விமானத்திலிருந்து ராசிக்கை அந்திக்குள் வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை. மறுநாளே அனுப்பிரியா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள், அந்தப் பொய்க் கையெழுத்து உட்பட. வேலை போயிற்று. பாலனுடைய அம்மாவின் காலில் விழுந்து அழுதாள். இத்துடன் பாலன் விட்டுவிடுவான் என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் பகலில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தன் அறையில் இருந்தவளுக்குத் தம்புசாமியின் அழைப்பு வந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்த நாள்.

"சிக்னலை நாங்க திரும்பப் போடவே இல்லம்மா," என்றார். "இதக் கேளு."

போனை ரேடியோவிடம் பிடித்தார். மாதவி என்ற புது விமானியின் குரல்.

"அண்ணே, டவர்ல ரெண்டு பேரு என்னை இடப்பக்கம் வரச் சொல்றாங்க. திரும்பிட்டேன், சரிதானே?"