குஞ்ஞப்பனுக்குச் சலித்த மணல்

குஞ்ஞப்பன் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவன் மலம் வெள்ளையாகிக்கொண்டிருக்கிறது என்பது டெல்னாவுக்கு மட்டும்தான் தெரியும்.

குஞ்ஞப்பன் ஒரு பூனை. உடம்பெல்லாம் பால் வெள்ளை, வால் மட்டும் கறுப்பு. பல்லி பிடிப்பதில் சாலக்குடியிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை என்று டெல்னா வகுப்பில் பெருமையடிப்பாள். அவளுக்குப் பல்லியைக் கண்டால் உயிரே போய்விடும். உடனே கட்டிலில் ஏறி நின்றுகொண்டு, “குஞ்ஞப்பா, பிடி!” என்று கத்துவாள். அவன் பிடித்துத் தின்று முடித்ததும் பரிசாக ஒரு மத்தி மீன் தலை கிடைக்கும்.

இப்போது அவன் மத்தியை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தின்ற கொஞ்சமும் வாந்தியாக வெளியே வந்தது. ஈறும் காதின் உட்புறமும் பழுத்த மாம்பழத் தோல்போல ஆகிவிட்டன.

“காமாலைதான்,” என்றார் அம்மா. மனிதர்களுக்குச் செய்வதையே அவனுக்கும் செய்தார். கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலந்து ஊற்றினார். உப்பில்லாத கஞ்சி வைத்தார்.

டெல்னாவின் அப்பா, அப்பச்சன், ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “பூனைக்குப் பத்தியச் சாப்பாடா லில்லி? அப்படியே ஒரு கட்டிலும் போட்டுக் குடுத்துடு.”

“உங்க தம்பிக்குக் காமாலை வந்தப்ப இதே கஞ்சியிலதான் எந்திரிச்சாரு. சும்மா இருங்க!”

டெல்னா சிரிக்கவில்லை. அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது.

பக்கத்து வீட்டு வறீதேட்டன் மாடி கட்டிக்கொண்டிருந்தார். மதிலோரம் பூச்சு வேலைக்காகச் சலித்த மணல் குவிந்து கிடந்தது. தொட்டால் மாவு மாதிரி இருக்கும். குஞ்ஞப்பனுக்கு அதைவிட நல்ல கழிப்பறை எங்கே கிடைக்கும்? ஒரு நாள் கொத்தனாரின் கை அவன் போட்டுவைத்ததில் பட்டுவிட்டது. வறீதேட்டன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

“இன்னொரு தரம் இது நடந்துச்சு, உங்க குஞ்ஞப்பனைச் சாக்குல கட்டி ஆத்துப் பாலத்துக்கு அக்கரையில விட்டுருவேன்! சொல்லிட்டேன்!”

அன்றிலிருந்து தினமும் காலையில், கொத்தனார் வருவதற்கு முன்பே, டெல்னா ஒரு கொட்டாங்கச்சியைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு மதில் இடுக்கு வழியாக நுழைவாள். மணலில் கிடப்பதை அள்ளுவாள். திரும்பி வந்து வாழையடியில் புதைப்பாள்.

மாதா கோவிலின் அம்புப் பெருநாளன்று தெருவில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தபோது அவள் அள்ளியது சாம்பல் நிறமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சுண்ணாம்புபோல இருந்தது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால், “எங்கே பார்த்தே?” என்று கேட்பார். உடனே வறீதேட்டன் சொன்ன சாக்குப் பை நினைவுக்கு வந்தது. ‘கஞ்சி குடிக்கிறான் இல்லையா, அதனால்தான் வெள்ளை’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பெருநாள் முடிந்த ஒன்பதாம் நாள் காலையில் குஞ்ஞப்பன் தலையைத் தூக்கவே இல்லை. அப்பச்சன் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார்.

டவுனில் இருந்த மிருக ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாஹினா அவன் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். உதவியாளர் பிஜு இரத்தம் எடுத்தார். அப்புறம் ஒரு பக்கம் ரோமத்தை மழித்து, ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் தேடினார்கள்.

“குடல்ல வாயு நிறைய இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே சரியாத் தெரியல,” என்றார் டாக்டர். “ரெண்டுல ஒண்ணுதான். கல்லீரலே நோய்ப்பட்டிருந்தா மருந்து போதும். கத்தி வெச்சா இந்த உடம்பு தாங்காது. ஆனா கல்லீரல்லேர்ந்து குடலுக்குப் பித்தநீர் போற குழாய் அடைச்சிருந்தா, வெறும் மருந்து பத்தாது. திறந்தே ஆகணும்.”

“எதுன்னு எப்படித் தெரியும் டாக்டர்?” என்று கேட்டார் அப்பச்சன்.

“இவன் மலம் என்ன நிறத்துல போகுது?”

“அதெல்லாம் வெளியதான் போவான்,” என்றார் அம்மா. “அதை யாரு போய்ப் பாத்தா?”

டாக்டர் தாளில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார். “சரி. ரெண்டு நாள் மருந்து குடுத்துப் பாப்போம்.”

மேசைமேல் குஞ்ஞப்பன் கறுப்பு வாலை அசைக்காமல் கிடந்தான். அவன் முன்னங்கால் டெல்னாவின் விரல்மேல் இருந்தது.

“வெள்ளை,” என்றாள் டெல்னா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“பெருநாளன்னிக்குச் சாம்பல் நிறம். செவ்வாய்க்கிழமை சுண்ணாம்பு மாதிரி. இன்னியோட ஒரு வாரம் ஆச்சு. ஒரு நாள்கூட மாறல. நான்தான் தினமும் வறீதேட்டன் மணல்லேர்ந்து அள்ளுவேன்.”

“மதில் தாண்டிப் போனியா?” என்றார் அம்மா. “தினமுமா?”

டாக்டர் கையை உயர்த்தினார். “கொஞ்சம் இருங்க. மோளே, ஒரு வாரமா சுண்ணாம்பு நிறமா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

“பித்தநீர்தான் அதுக்கு நிறம் கொடுக்கும். வெள்ளைன்னா ஒரு சொட்டுகூடக் குடலுக்கு வரல,” என்றார் டாக்டர். தாளில் எழுதியதை அடித்தார். “பிஜு, இரத்தம் உறையறதுக்கு ஊசி போடு. நாளைக்குக் காலையில ஆபரேஷன்.” பிறகு திரும்பி, “இவன் பல்லி தின்பானா?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுல ஒரு பல்லி கிடையாது டாக்டர்!” என்றார் அம்மா பெருமையாக.

“அதான் பயமா இருக்கு,” என்றார் டாக்டர்.

மறுநாள் அறுவை அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் டெல்னா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தினமும் தன் கையில் இருந்ததை ஒரு நாள்கூட வாயால் சொல்லவில்லையே என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

டாக்டர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். அதில் கெட்டியான பழுப்புக் குழம்பும், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சில தட்டைப் புழுக்களும் இருந்தன.

“பித்தப்பை நாவல் பழம் மாதிரி வீங்கி இருந்துச்சு. குழாய் முழுக்க இந்தக் குழம்புதான். மெல்லிசான குழல் விட்டு உப்புத் தண்ணியால கழுவித் தள்ளிட்டோம். இந்தப் புழு பல்லி வழியாத்தான் பூனைக்கு வரும்.”

‘குஞ்ஞப்பா, பிடி!’ என்று தான் கத்தியது டெல்னாவின் காதுக்குள் கேட்டது.

“நான் முன்னாடியே சொல்லியிருந்தா?”

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். “இவ்வளவு மெலிஞ்சிருக்க மாட்டான். கல்லீரலும் இவ்வளவு கெட்டிருக்காது. உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன் மோளே.”

டெல்னா தலையாட்டினாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “மஞ்சள் மெதுவாத்தான் போகும். குழாய் திறந்தே இருக்கான்னு அவன் மலம்தான் சொல்லணும். இன்னும் போகவே இல்ல. திங்கட்கிழமைக்குள்ள நிறம் தெரிஞ்சாகணும். வெள்ளையா இருந்தா மறுபடியும் திறக்கணும். அதை அவன் தாங்குவானான்னு எனக்குத் தெரியல.”

கழுத்தில் புனல்போன்ற வளையத்தோடு குஞ்ஞப்பன் மூலையில் கிடந்தான். சிரிஞ்சில் கோழிச்சாறு கொடுத்தால் விழுங்கினான். ஆனால் மலம் போகவில்லை. அம்மா செய்தித்தாள் விரித்தார், அதன்மேல் படுத்துக்கொண்டான். அப்பச்சன் அடுப்புச் சாம்பல் கொண்டுவந்தார், தும்மினான். தோட்டத்து மண்ணைக் கொட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டெல்னாவுக்குக் காரணம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பேசினை எடுத்துக்கொண்டு, மதில் இடுக்கு வழியாக அல்லாமல், வாசல் வழியாகவே வறீதேட்டன் வீட்டுக்குப் போனாள்.

வறீதேட்டன் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார். “என்னடீ?”

“கொஞ்சம் மணல் வேணும், வறீதேட்டா.”

“எதுக்கு?”

டெல்னா எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டாங்கச்சி, சாம்பல், சுண்ணாம்பு, ஆபரேஷன், எதையும் விடவில்லை. வறீதேட்டன் பல் குத்துவதை நிறுத்தினார்.

“அவ்வளவு நாள் யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க சாக்குல கட்டிடுவீங்கன்னு.”

“சாக்கா? கொத்தனார் முன்னாடி சும்மா சொன்னதுடீ அது!” வறீதேட்டனின் குரல் இறங்கிவிட்டது. “நான் ஒரு கொசுவைக்கூட...” பாதியில் நிறுத்திவிட்டு மணல் குவியலைப் பார்த்தபடி நின்றார்.

அப்புறம் மண்வெட்டியை எடுத்தார். “சலிச்சதா, சலிக்காததா?”

“சலிச்சது. அவனுக்கு அதுதான் பழக்கம்.”

“ஓஹோ! ராஜாவுக்குச் சலிச்சதுதான் ஆகணுமோ?” என்றபடி பேசின் நிறைய அள்ளிக் கொடுத்தார். பிறகு, பாதி வழி போனவளைக் கூப்பிட்டு, இன்னொரு வெட்டு அள்ளிப் போட்டார்.

அன்று மாலை குஞ்ஞப்பன் பேசினை முகர்ந்தான். ஒரு காலை வைத்தான். எடுத்துக்கொண்டு மூலைக்கே போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் டெல்னா கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டே எழுந்தாள். பேசினில் மணல் சின்ன மேடாகக் குவிந்திருந்தது. கொட்டாங்கச்சியால் மெதுவாக விலக்கினாள்.

“அம்மே! அப்பச்சா!”

மூவரும் பேசினைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மதிலுக்கு மேலே பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஒரு தலை நீண்டது.

“என்ன நிறம்டீ?”

“காப்பிப்பொடி நிறம், வறீதேட்டா!”

“சபாஷ்!” என்று கத்தியதில் பாதி நுரை மதிலில் விழுந்தது.

குஞ்ஞப்பனின் காது இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. முதுகெலும்பைத் தடவினால் ஒவ்வொன்றாக எண்ணலாம். டெல்னா எண்ணவில்லை. அவன் தலையை ஒரு முறை வருடினாள்.

பிறகு பேசினில் கிடந்ததை அள்ளி, கொட்டாங்கச்சியைப் பாவாடைக்குள் மறைக்காமல், எல்லோரும் பார்க்க இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, முற்றத்தின் நடுவே நடந்து வாழையடிக்குப் போனாள்.