நாடி சொன்ன பெயர்

காற்றுப்பாறைச் சாவடிக்கு நாடிக்காட்டி வந்த நாளிலிருந்து எந்த வண்டியின் கதவையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நாற்பதடி தள்ளி நின்றே, உள்ளே துடிக்கும் இதயங்களைப் பிரித்தறிந்து பெயர் சொல்லிவிடும். கைரேகையைப் போலத் துடிப்பும் ஆளுக்கு ஆள் வேறு. கடல்மட்டம் ஏறிய பிறகு வந்த ஆள்கடத்தல் சட்டப்படி, கடலோரத்து மனிதர் ஒருவரை அனுமதியின்றி மேட்டு மாநிலத்துக்குள் ஏற்றி வந்தால் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு சிறை. தெரியாது, சொந்தக்காரன் என்ற சாக்கெல்லாம் செல்லாது. கருவி சொன்னதே முடிவு.

அந்தக் கடைசி வரியைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் சாவடி அதிகாரி அம்பலவாணன். தம்பியைத் தண்ணீர் லாரிக்குள் ஒளித்து ஏற்றி வந்தவன், "வீட்டுக்குத்தான் சார் கூட்டிட்டுப் போறேன்" என்று காலில் விழுந்தபோதும் அவர் மசியவில்லை.

இன்று அவர் தன் காரின் பின் இருக்கையில் மார்புத் தழும்போடு சாய்ந்திருந்தார். எல்லைக்கு அப்பாலிருந்த மருத்துவமனையில் இதயம் மாற்றி இரண்டு மாதமாகிறது. மனைவி சௌந்தரம் காரை ஓட்டினாள். வீடு இன்னும் அரை மணி நேரத் தொலைவுதான்.

"ரசம் சாதம் போதுமாங்க?"

"போதும்."

சாவடியில் தடுப்பு இறங்கியது. ஆறு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த எஸ்.ஐ. முத்தழகு தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஐயா, ரெண்டு பேர் காட்டுது. ஒண்ணு அம்மா. இன்னொண்ணு அந்தோணி பிச்சை, கடலோரம். உங்க பேரே வரல."

அம்பலவாணனின் கை மார்புத் தழும்புக்குப் போனது. துடிப்பின் தாளம் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. இடம் மாறினாலும் அது மாறாது. விபத்தில் இறந்த கடலோரத்து ஆளின் இதயம் என்று டாக்டர் சொன்னபோது, எந்த ஊராக இருந்தால் என்ன, துடித்தால் சரி என்று சிரித்தவர்தான் அவர்.

"அவன் செத்துட்டான்மா. அது பதிவாகலையா?"

"கடலோரத்துச் சாவை யாருங்கய்யா பதியறாங்க?"

"நான் சொல்றேனே, போதாதா?"

"கருவிக்கு மேல யாரும் பேசக் கூடாதுன்னு வெச்சதே நீங்கதான். வண்டி ஓட்டினவங்க மேல வழக்கும் தானா பதிவாயிடுச்சு." முத்தழகு முன்கதவைத் திறந்தாள். "அம்மா, இறங்குங்க."

சௌந்தரம் வண்டியை அணைத்துவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்குத்தானேங்க கூட்டிட்டுப் போறேன்?"

சாவடிக் கண்ணாடிக்குப் பின்னால், திரையில், அந்தோணி பிச்சையின் நாடி ஏறிக்கொண்டே போனது.