வரம்பு இல்லாத வயல்

"நெல்லும் இல்லை, கடகமும் இல்லை... என்னத்தை விதைக்கிறியள்?"

"விதைக்கப் பழகிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

"திறந்தால் வயல் தெரியாது."

விமலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கு ஒதுங்கவென்று, காற்றுக்கு மடங்கிய குடையோடு விசுவமடுக் கூட்டுறவுச் சங்கக்கடைத் தாழ்வாரத்துக்குள் ஓடி வந்தவள் அவள். அங்கே கதிர்காமநாதன், இல்லாத கடகப் பெட்டியை இடுப்பில் அணைத்து, வலக்கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தான். கண்ணைத் திறந்தான். மழை விட்ட பிறகும் வெளிக்காத வானம் போன்ற கண்கள்...

"விசரன் எண்டு நினைக்கிறியள் போலை."

"இன்னும் முடிவெடுக்கேல்லை."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னான். போன வருசம் தம்பி பாம்பு கடித்துச் செத்தான். அதன் பிறகு வயலை மிதிக்கவில்லை. விடிந்தால் எழும்பவும் மனமில்லை. யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது. முடியாத வேலையை முதலில் மனதுக்குள் பார்க்கவேண்டும். பார்த்தபடியே உடம்பை அசைக்கவேண்டும். ஒருநாள் கால் தானாக வயலில் இறங்கும். இந்த விதைப்பும் தவறினால் அரசாங்கம் தந்த குடியேற்றக் காணி கைவிட்டுப் போய்விடும்.

"இவ்வளவு தூரம் நடந்தியள், ஒரு வரம்பும் குறுக்கிடேல்லையே! காலைத் தூக்காமலே போறியள்?" விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அவன் முகம் இறுகியது.

"வரம்பிலைதான் தம்பி கிடந்தவன்."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

தேடிப்போய் மன்னிப்புக் கேட்க ரோசம் விடவில்லை. ஆனாலும் வானம் இருண்டால் போதும், குடையும் மண்ணெண்ணெய்ப் போத்தலுமாகச் சங்கக்கடைக்கு வந்தாள். வீட்டில் மண்ணெண்ணெய் நிறைந்தது. தாழ்வாரம் வெறுமையாகவே கிடந்தது...

ஒரு பின்னேரம் அவன் அங்கே நின்றான். கண்மூடி, கைவீசி நடந்தவன் பாதியில் நின்றான். வலது கால் உயர்ந்தது. எதையோ கடந்து, மெல்ல ஊன்றினான்.

"கடந்திட்டியள்!"

"ஓம்."

"அண்டைக்கு நான் சும்மா..."

"நீங்கள் கேட்டது சரி. மனசுக்குள்ளை வரம்பை வைச்சுப் பாத்தனான். தம்பிதான் தெரிஞ்சவன், ஒவ்வொரு நாளும். பிறகு அதிலை ஒராள் வந்து நிண்டவா... கையிலை குடை. என்னைப் பாத்து ஒரே சிரிப்பு. அவா நிண்டால் கால் எழும்புது."

போத்தல் அவள் கையில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள். தாழ்வாரத்து ஓரத்தில் மழை ஒழுகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு உண்மையா இறங்கப்போறன். நெல்லோடை, கண்ணைத் திறந்துகொண்டு..." அவன் அவளையே பார்த்தான். "அந்த வரம்பிலை வந்து நிப்பீங்களோ?"