பெயரில்லாத இணைப்பு

"இந்த வூட்டுல இன்னொரு கம்ப்யூட்டர் இருக்குதா பாப்பா?"

கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஆதிநாராயணன் அண்ணன் என்னிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில், மூடிப்போன ஒரு கம்பெனி இடத்தில் கட்டிய வீடு. பழைய சூளையின் சுவர் ஒன்றை இடிக்காமல் அப்படியே பின்அறைக்குச் சுவராக்கியிருந்தார்கள். ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு அதில் ஒரு வளைவு. செங்கல் வைத்து அடைத்திருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டரை அங்கேதான் வைத்தோம்.

அதைச் சென்னையிலிருந்து அனுப்பியது என் அண்ணன் கொளஞ்சிநாதன். "டைப்பிங் கத்துக்க, நெட்டுல பழகிக்க, இங்க வேலைக்குச் சேத்துவுடறேன்" என்றிருந்தான். பத்தாவதோடு நின்ற எனக்கு வெளியே போக அது ஒன்றுதான் வழி. வகுப்பில் வருகை எடுக்கும்போது அன்புக்கரசி என்ற என் பெயருக்கு என்னால் குரல் கொடுக்க முடியாது. தொண்டை அடைத்துவிடும். எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் நின்றேன்.

எதிர்வீட்டு ராஜமாணிக்கம் மாமா வீட்டில் வயர் இல்லாத நெட் வந்திருந்தது. பாஸ்வேர்டு கொடுத்தார். அதைப் பிடிக்க ஒரு சின்னக் குச்சியைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகினார் ஆதிநாராயணன் அண்ணன். பச்சை விளக்கு மினுக்கியது.

"சுண்டுவெரல் தண்டிதான் இருக்குது. இது ரோட்டத் தாண்டிப் போயி நெட்ட இழுத்தாந்துருமா?" என்றார் அப்பா.

"உங்க செல்போனு மட்டும் ஏணி வெச்சி ஏறிப் போயா பேசுதுங்க?"

அப்பா சிரித்தார். ஆதிநாராயணன் அண்ணன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு இணைப்புகள் தெரிந்தன. ஒன்று எதிர்வீட்டுடையது, சிக்னல் இரண்டு கோடு மட்டும். இன்னொன்றுக்கு எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் ஒரு படம். அதைப் பார்த்துவிட்டுத்தான் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டது.

"பக்கத்துல யாராச்சும் வெச்சிருப்பாங்க" என்றார் அப்பா.

பக்கத்தில் கருவேலங்காடுதான்.

"அத மட்டும் தொடாத பாப்பா" என்று சொல்லிவிட்டு ஆதிநாராயணன் அண்ணன் கிளம்பினார்.

அப்பா வேறொரு கம்பெனியில் சூளை அடுக்குபவர். அன்று சாப்பிடும்போது அந்த வளைவைப் பற்றிக் கேட்டேன்.

"அது சூள வாயி. சாமான அடுக்கிட்டு, செங்கல் வெச்சி மண்ணு பூசி அடைப்பம். அதுக்கு முன்ன மூணு தரம் கொரல் குடுப்பம், உள்ள ஆளு இருக்கான்னு. இருக்கறவன் பேரச் சொல்லணும். வெறும் இருக்கேன்னா கணக்குல வராது."

"ஏம்ப்பா?"

"சூளைக்குள்ள எல்லாக் கொரலும் ஒண்ணுபோலத்தான் கேக்கும். பேரச் சொன்னாத்தான் ஆளு."

"யாராச்சும் மாட்டியிருக்காங்களா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இந்தச் சூளைக்குள்ள ஒருத்தி தூங்கிட்டாளாம், தெரியாம அடைச்சிட்டாங்களாம். புதுசா வந்தவ. பேரு யாருக்கும் தெரியல."

அக்கா துர்காவின் பிரசவத்துக்காக அம்மா திட்டக்குடிக்குப் போனதும், வேலைக்குப் போகும்போது அப்பா வாசல் கம்பிக் கதவை வெளியிலிருந்து பூட்டத் தொடங்கினார். "வயசுப்பொண்ணு தனியா இருக்கற. காலம் கெட்டுக் கெடக்குது" என்றார்.

மறுநாள் நல்ல வெயில். டைப்பிங் பழகிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு இணைப்பு அறுந்துபோனது. நான் எதையும் தொடவில்லை. திரையின் மூலையில் ஒரு வரி தானாக வந்தது.

இணைக்கப்பட்டது.

ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு கல்லின் மேல் கல் வைக்கும் ஒலி. கரண்டியால் மண்ணை வழிக்கும் ஒலி. அறையில் ஈரக் களிமண் வாசனை எழுந்தது.

குச்சியைப் பிடுங்கினேன். உள்ளங்கை சுட்டது.

கையில் இருந்த குச்சியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது.

கரண்ட் போனது. திரை அணைந்தது. மின்விசிறி நின்றது. கல் வைக்கும் ஒலி மட்டும் நிற்கவில்லை. இப்போது அது வாசல் பக்கமிருந்து வந்தது.

குச்சியை எறிந்துவிட்டு ஓடினேன். கம்பிக் கதவுக்கு வெளியே கீழிருந்து செங்கல் எழும்பிக்கொண்டிருந்தது. வைக்கிற கையைக் காணவில்லை. ஒரு வரிசை. அதன்மேல் இன்னொரு வரிசை. தெரு மறைந்தது. எதிர்வீட்டுச் சுவர் மறைந்தது. மேலே ஒரு பட்டை வெளிச்சம்தான் மிச்சம்.

"உள்ள ஆளு இருக்கா?"

ஓர் ஆணின் குரல். அவசரமில்லாத குரல்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

இன்னொரு வரிசை. கால் சுட்டது. தரையே சூடாகியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினேன், அதுவும் சுட்டது.

"உள்ள ஆளு இருக்கா?"

வெளிச்சம் ஒரு நூல் அளவு ஆனது. மூச்சுக்குள் புழுதி போனது.

"ஆளு இருக்கா?"

இதுதான் கடைசி என்று தெரியும். நெஞ்சிலிருந்து பிய்த்தெடுப்பதுபோல் கத்தினேன்.

"இருக்கேன்!"

அது போதாது. பெயர் வேண்டும். வாயைத் திறந்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

என் காதுக்குப் பின்னால், என் குரலில், யாரோ ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்.

"அன்புக்கரசி இருக்கேன்."

கண் கூசும் வெளிச்சம். ஒரு கல்லும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்காளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதும்மா! திட்டக்குடி பஸ்ஸு இப்ப வந்துரும். ஏன் இப்படி வேர்த்துக் கெடக்கற? வா, வா."

அவர் என்னிடம் பேசவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துப் பேசினார்.

என் குரலில் பேசியவள் என்னை உரசிக்கொண்டு போனாள். என் பச்சைச் சுடிதார். என் ஒற்றைப் பின்னல். அவள் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகக் களிமண் ஒட்டியிருந்தது. நானும் பின்னாலேயே பாய்ந்தேன். திறந்த வாசலில் ஒரு சுவர் என் நெற்றியில் இடித்தது. கண்ணுக்குத் தெரியாத, சூடான சுவர்.

"அப்பா" என்றேன். உதடு அசைந்தது.

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். "அம்மா உன்னப் பாத்தா சந்தோசப்படும். வூட்டப் பூட்டிட்டு வரேன், நில்லு." கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

தெருவில் நின்று அவள் திரும்பினாள். என் முகத்தை நான் முதன்முதலாக வெயிலில் பார்த்தேன். கண்கள் கலங்கியிருந்தன. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பெயரையாவது சொல்லியிருந்தால், அடுத்த முறை குரல் கேட்கும்போது சொல்ல எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.