‘அ’ ஓட்டிய வண்டி

காலை 7.40. பல் டாக்டர் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினார். இரண்டு நாள் மாநாட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பெட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை. முதலில் காரைப் பார்க்க வேண்டும்.

கார் இல்லை.

அது நின்ற இடத்தில் வெளிறிய நீலத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. பத்து வயதாவது இருக்கும். பின்கண்ணாடியில் பாதி உரிந்த முயல் ஸ்டிக்கர். ஷட்டரின் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

8.20. இன்ஸ்பெக்டர் வந்தார். இருபத்திரண்டு வருடம் போலீஸ் ஜீப் ஓட்டி இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர். டாக்டர் போனில் படத்தைக் காட்டினார். தரையோடு ஒட்டிக் கிடந்தது ஒரு கறுப்புக் கார்.

“இன்ஜின்ல இருந்து பிரேக் வரைக்கும் மாத்தி ஆறு வருஷம் செதுக்கினது சார். எடை குறையணும்னு பின் சீட்டக்கூடக் கழட்டிட்டேன். அந்த மாதிரி இன்னொண்ணு கிடையாது.”

“சாவி?”

“ரெண்டு செட். ஒண்ணு ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில தொங்குது. இன்னொண்ணு இவன்கிட்ட.”

மெக்கானிக் சுவரோரம் நின்றிருந்தான். ஆறடி நாலங்குலம். எல்லோருக்கும் அவன் நெட்டை.

“இவன்தான் சார். உள்ள தூக்கிப் போடுங்க.”

“அண்ணே, நான் எடுப்பேனா?” என்றான் நெட்டை. பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான். “திருட்டுக் கேஸ்னு ஒரு தடவ ஸ்டேஷன் ஏறிட்டா, அப்புறம் எவன் சார் என்கிட்ட வண்டிச் சாவி குடுப்பான்?”

“இந்த ரெண்டு நாளும் எங்க இருந்த?”

“ஒர்க்‌ஷாப்ல. தனியா.”

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “மதியம் வரைக்கும் இங்கயே இரு. அதுக்குள்ள வேற ஆள் கிடைக்கலன்னா என்கூட வரணும்.” டாக்டரிடம் கேட்டார். “வீட்டுல வேற யாரு?”

“ஒய்ஃப். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஏழு மணிக்கே பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு டியூட்டிக்குப் போயிடுவா. போன் லாக்கர்ல இருக்கும். அவகிட்ட என்ன சார் கேக்கறது? அந்தக் காரப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சது அது கறுப்புங்கறது மட்டும்தான்.”

9.05. ஷெட்டுக்கும் தெருவுக்கும் நடுவே சாக்கடை மூடியின் மேடு. சுவரில் சாய்த்து இரண்டு பலகைகள்.

“இது எதுக்கு?”

“வண்டி தரையில இருந்து மூணு விரல் உயரம் சார்,” என்றார் டாக்டர். “பலகை போட்டு, ரெண்டு பேர் பாத்துச் சொல்லணும். நான் வெளிய எடுக்க இருபது நிமிஷம் ஆகும்.”

பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. அறுபடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். பக்கத்து வீட்டில் சுவர் தேய்த்த வெள்ளைத் தூள் வாசலெங்கும் படிந்திருந்தது. அதில் அகலமான டயர்த் தடம். ஷெட்டிலிருந்து சாய்வாகக் கிளம்பி, மேட்டை ஒவ்வொரு சக்கரமாக ஏறிக் கடந்து, கேட் தூணுக்கு ஒரு விரல் இடைவெளி விட்டுத் தெருவில் திரும்பியிருந்தது. நின்ற அடையாளம் இல்லை. பின்வாங்கி மறுபடி முயன்ற அடையாளம் இல்லை. சிமெண்டில் ஒரு பொட்டு உரசல் இல்லை. ஒரே கோடு.

அவர் எழுந்திருக்க மறந்துவிட்டார். திருடனைப் பிடிக்க வந்த மனிதர், கொஞ்ச நேரம் வெறுமனே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத உன்னால பண்ண முடியுமாடா?”

நெட்டை குனிந்து பார்த்தான். “முடியாது சார். பலகை இல்லாம நான் தொடவே மாட்டேன்.”

அவன் முகத்தில் பயம் இல்லை. பெருமை இருந்தது. அதை இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

10.15. எதிர்க் கடைத் தையல்காரர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார்.

“பெரிய வண்டி போனதப் பாக்கல. சாப்பிடப் போயிருந்தேன். சின்ன வண்டி மூணு பத்துக்கு வந்துச்சு. நேரா உள்ள போயிடுச்சு. எனக்குப் பின்பக்கம்தான் தெரிஞ்சுது.”

“இறங்கினது யாரு?”

“அதான் வேடிக்க சார். வண்டி நின்னுடுச்சு, இன்ஜின் நிக்கல. ஒரு நிமிஷம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாரும் இறங்கல. தூங்கிட்டாங்களோன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒருத்தர் சட்டைக்குக் காஜா எடுக்கச் சொல்லி வந்துட்டார். திரும்பிப் பாத்தா ஷட்டர் மூடியிருக்கு.”

10.40. “வண்டிய நிறுத்தின அப்புறமும் ஒரு நிமிஷம் இன்ஜின ஓட விடுறது யாரு?”

நெட்டை டாக்டரை ஒரு முறை பார்த்தான். “டர்போ வண்டி ஓட்டுறவங்க சார். இன்ஜினுக்குக் காத்த அழுத்தித் தள்ளுற அந்த டர்போ நெருப்பா இருக்கும். டக்குனு அணைச்சா உள்ள ஆயில் கருகிடும். ஆற விடணும்.”

“இந்த நீல வண்டியில டர்போ இருக்கா?”

“இதுல ஹாரன் இருந்தாலே அதிசயம்.”

“டாக்டர், நீங்க ஆற விடுவீங்களா?”

“நான் இறங்கிடுவேன் சார். அதெல்லாம் இவன் பாத்துப்பான்.”

“நீ இதுல ஏறி உக்காரு.”

நெட்டை ஒரு காலை நுழைத்தான். சீட் முன்னால் கடைசி வரை தள்ளப்பட்டிருந்தது. மறு கால் நுழையவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொள்ள, அவனை இரண்டு பேர் வெளியே இழுக்க வேண்டியிருந்தது.

11.20. ஷெட் அலமாரியில் நெட்டையின் நோட்டு கிடைத்தது. மலைச்சாலையில் காரைச் சோதித்த தேதிகள், மலை ஏற ஆன நேரங்கள், பக்கத்து சீட்டில் லேப்டாப்பைப் பார்த்து அவன் குறித்த இன்ஜின் எண்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓட்டியவரைக் குறிக்க ஓர் எழுத்து: ‘அ’.

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “அண்ணன். நான்தான்.”

“ஏப்ரல் பன்னண்டு. இருக்கறதுலயே குறைஞ்ச நேரம். அதுவும் நீங்களா?”

“பின்ன?”

இன்ஸ்பெக்டர் ஷெட் மூலையைக் காட்டினார். அங்கே ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. “இது யாரோடது?”

“என்னுது. கால் முறிஞ்சு மார்ச்ல கட்டுப் போட்டாங்க. மே மாசம்தான் பிரிச்சு...” டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

“நெட்டை, லேப்டாப்ல நம்பர் பாத்துக்கிட்டே நீ வண்டி ஓட்டியிருக்க முடியாது. ஓட்டினது யாரு?”

நெட்டை தரையைப் பார்த்தான்.

“நீ ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்ட. நான் சொல்றேன். பலகை இல்லாம அத வெளிய எடுக்கற கை. டர்போவ ஆற விடற பழக்கம். உன் பாதி உயரம். ஆணியில இருக்கற சாவி. டாக்டர், உங்க கார எடுத்தது ‘அ’தான். ஆனா இவன் எழுதினது அண்ணன் இல்ல. அண்ணி.”

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

1.10. இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நர்ஸ் வந்தார். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. நெட்டையைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இவன எதுக்குங்க நிக்க வச்சிருக்கீங்க? மாத்தினது நான். பழைய கார் விக்கற கடைக்கு நானே ஓட்டிட்டுப் போய், என் கையெழுத்துல மாத்தினேன். வரிக்காக என் பேர்லதானே வாங்கினீங்க? மிச்சப் பணம் பொண்ணு பேர்ல இருக்கு.”

“சொல்லாமயா?”

“சாயங்காலம் சொல்றதா இருந்தேன். வந்ததும் முதல்ல எதப் பாப்பீங்கன்னு தெரியும். அதான் அங்கயே நிறுத்தினேன்.”

“ஏன்டி?”

“போன மாசம் பொண்ணுக்கு மூச்சுத் திணறினப்ப நீங்க பலகையத் தேடினீங்க. சாவியக் குடுங்க, நான் எடுக்கறேன்னேன். கீறல் விழும்னீங்க. நான் அவளத் தூக்கிக்கிட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன்.”

இன்ஸ்பெக்டர் நெட்டையின் தோளைத் தட்டி, போகச் சொன்னார். அவன் போகவில்லை.

“வழக்கு இல்லம்மா. எனக்காக ஒண்ணு கேக்கறேன். அந்தத் தடத்தப் பாத்தேன். என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணப் பாத்ததில்ல. இப்படி ஒரு கை இருக்கிற நீங்க, அத எப்படி விட்டீங்க?”

“வண்டியத்தானே சார் குடுத்தேன். கை என்கிட்டதான் இருக்கு.”

நர்ஸ் சின்னக் காரில் ஏறினார். பள்ளி விடும் நேரம். திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிகளை மட்டும் நம்பி, ஒரே வீச்சில் பின்னால் வந்து மேட்டைக் கடந்து தெருவில் கலந்தார். தையல்காரரின் மிஷின் நின்றுபோனது. இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

1.45. கார் திரும்பி வந்து நின்றது. பின் சீட்டில் மகள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். இன்ஜின் ஓடியது. யாரும் இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் மனதுக்குள் எண்ணினார்.

நாற்பது வரும்போது, இது எந்த வண்டி என்று நர்ஸுக்கே நினைவு வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்துவிட்டு, சாவியைத் திருப்பினார்.