உரியவர்: குரு

செஞ்சியில் வந்து இறங்கியதும் குரு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, ஆபீசில் ஏசி இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றேன். கடைத்தெருவில் ஒரு பழைய நெல் மண்டிக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற ஒற்றை அறைதான் எங்கள் அறக்கட்டளை ஆபீஸ். படி ஏறி முடிப்பதற்குள் அவன் இரண்டு தடவை 'ஓ மை காட்' சொன்னான். இங்கே பக்கத்துப் பனமலையில் பிறந்து வளர்ந்த பையன். சென்னையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியதில் தமிழ் வாயில் நுழையாமல் போய்விட்டது, பாவம்.

எங்கள் வெப்சைட்டைப் புதுப்பிக்க அவனைப் பிடித்து அனுப்பியவர் புதுத் தலைவர் கோதண்டராமன். ஊரைச் சுற்றி மனை போட்டு விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். அறக்கட்டளைக்குப் புது ஆம்புலன்ஸ் வருகிறதாம், கொடியசைக்க ஒரு முக்கியஸ்தர் வருகிறாராம், அதற்குள் வெப்சைட் 'நீட்டா' இருக்க வேண்டுமாம். நீட்டாக என்றால், முதல் பக்கம் முழுக்க அவர் கைகூப்பிக்கொண்டு நிற்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

அறக்கட்டளைக்கு இருப்பது ஒரே வேலைதான். கேட்பாரற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்வது. தொடங்கியவர் என் அப்பா அனந்தநாதன். கீழே இருக்கிற மண்டியும் அவருடையதாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலோ, ராஜகிரிக் கோட்டை அடிவாரத்திலோ, ஏரிக்கரையிலோ யாராவது செத்துக் கிடந்து, தேடி யாரும் வராவிட்டால் போலீஸ்காரர்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள். சவக்கிடங்கில் உடலைக் கொடுப்பதற்கு முன், 'உரியவர்' என்று இருக்கும் இடத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா போடுவார். யாருமே இல்லை என்று எழுதி ஒரு மனுஷனை மண்ணுக்குள் அனுப்பக் கூடாது என்பார்.

அந்த வெப்சைட்டும் அவர் ஆசைப்பட்டதுதான். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி அருண், இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளை வைத்துக் கட்டிக் கொடுத்தான். அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு போட்டார். கிடைத்த இடம், கட்டியிருந்த துணி, பச்சை குத்திய பெயர், அடக்கம் செய்த இடம். பதிவை எழுதியவர் பெயர் வருகிற இடத்தில், அப்பா சொல்லி, அருண் 'உரியவர்' என்று மாற்றி வைத்தான். ஆக ஒவ்வொன்றின் கீழும் 'உரியவர்: அனந்தநாதன்' என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ தேடி வந்து, சமாதியில் விழுந்து அழுதுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு.

அப்பா போன வருஷம் இறந்தார். அவர் லாகினிலேயே உட்கார்ந்து, அவர் படத்தைப் போட்டு, 'நிறுவனர்' என்று ஒரு பக்கம் எழுதினேன். அதன்பிறகு அந்த வெப்சைட்டை யாரும் தொடவில்லை.

குரு தொட்டான்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் சிரித்தான். எல்லாமே பழைய வெர்ஷனாம், இதை மியூசியத்தில் வைக்க வேண்டுமாம். அப்பாவின் எழுத்துப் பிழைகளை எனக்கே வாசித்துக் காட்டினான். 'கைலி' என்பதை அப்பா 'கைளி' என்று அடித்திருந்தார். அதில் அப்படி என்ன வேடிக்கை கண்டானோ. எனக்கு அவனைப் படியில் உருட்டி விடலாம் போல இருந்தது. அதற்குப் பதில் காபி வரவழைத்துக் கொடுத்தேன்.

மதியம் முழுக்க அப்டேட் ஓடியது. பிறகு சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பித்தான். பதிவுகளை எல்லாம் அழித்துவிடலாம் என்றான். பிணத்தின் செருப்புப் படத்தைப் பார்க்க யார் வரப் போகிறார்கள் என்றான். நான் விடவில்லை. குரல் உயர்ந்து, கோதண்டராமனுக்குப் போன் போய், கடைசியில் அவரே பெரிய மனது பண்ணினார். பதிவுகள் இருக்கலாம், ஆனால் வருகிறவர்கள் கண்ணில் படாமல் ஒரு மூலையில் இருக்க வேண்டும். செத்த பிறகும் மூலையில் கிடக்க வேண்டும் என்றால் அது இந்த ஊரில்தான்.

அடுத்து அப்பாவின் பெயருக்கு வந்தான்.

செத்தவர் பெயரில் அட்மின் கணக்கு இருப்பது ஆபத்து, யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்கள், எடுத்தாக வேண்டும் என்றான். எடுக்கப் போனான். திரையில் ஒரு கேள்வி வந்தது. இவருக்குச் சொந்தமானவற்றை என்ன செய்ய? எல்லாவற்றையும் அழிக்கவா, அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றவா?

"என் பேருக்கு மாத்துங்க தம்பி," என்றேன்.

எனக்கு அதில் கணக்கே இல்லையாம், புதிதாக உண்டாக்க வேண்டுமாம், அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தன் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டு தட்டினான். அவ்வளவுதான். ஒவ்வொரு பதிவின் கீழும் அப்பா பெயர் போய், 'உரியவர்: குரு' என்று வந்து நின்றது. எனக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயில் இறங்கி, மலைக்கோட்டையின் நிழல் ஊர் மேல் விழ ஆரம்பித்திருந்தது.

லேப்டாப்பில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.

பதிவுகளுக்குக் கமெண்ட் வந்திருக்கிறது என்றான். பெயர் இல்லை, முகவரி இல்லை. பஸ் ஸ்டாண்டில் கிடைத்த கைலிக்காரரின் பதிவின் கீழ் ஒரே வார்த்தை.

நைனா.

அடுத்த பதிவிலும் அதே வார்த்தை. அதற்கடுத்ததில், 'வந்துட்டியா நைனா'. ஏரிக்கரையில் கிடைத்த அம்மாளின் பதிவில், 'இருட்டா இருக்குது நைனா'.

ரஷ்யாவிலிருந்தோ எங்கிருந்தோ இயந்திரம் போடுகிற குப்பை, தினமும் வரும், இதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்று எனக்கு வகுப்பெடுத்தான். ரஷ்யாக்காரன் அப்பனை எங்கள் ஊர்க்காரன் மாதிரி நைனா என்றா கூப்பிடுவான் என்று கேட்டேன். எல்லாவற்றையும் குறித்துக் குப்பைக்கு அனுப்பி, குப்பையையும் காலி செய்தான்.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. அது நின்ற பிறகுதான் கீழே மண்டியில் கேட்கும் சத்தம் காதில் விழுந்தது. மண்டியைப் பூட்டி வெகு காலம் ஆகிறது. உள்ளே எலிகூட இல்லை. ஆனால் அந்தச் சிமெண்டுத் தரையில் யாரோ காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். ஒருவர் இல்லை. செருப்பில்லாத பல கால்கள். அப்புறம் வாசனை வந்தது. பினாயிலும், ஈரச் சாக்கும், அதற்கடியில் இனிப்பாக இன்னொன்றும். எனக்கு அது பழகிய வாசனைதான். அப்பா சவக்கிடங்குக்குப் போய் வந்த நாட்களில் அவர் சட்டையைத் தனியாகத்தான் ஊற வைப்போம்.

குரு மூக்கைப் பொத்திக்கொண்டான். "வாட் இஸ் திஸ் ஸ்மெல்?" என்றான். அந்த நேரத்திலும் இங்கிலீஷ்.

முதல் படி கிறீச்சென்றது.

இரண்டாவது படி.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. படிக்கட்டு இருட்டுக்குள்ளிருந்து, மிகவும் மரியாதையாக, தொண்டை வறண்ட குரலில் யாரோ கேட்டார்கள்.

"கீழ நிக்கறோம் நைனா. மேல வரட்டா?"

குரு என்னைப் பார்த்தான். நான்தான் பேசினேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சென்னை மொத்தமும் இறங்கிப் போனது. "யக்கா," என்றான். "இன்னாக்கா இது?"

அவ்வளவு நேரம் நான் அவனுக்கு மேடம். சொல்லக் கூடாது, எனக்கு அந்தப் பயத்திலும் ஒரு திருப்தி.

"அவங்க எல்லாம் உன் பேர்ல இருக்கறாங்க," என்றேன். "நீதான் வாங்கின."

மூன்றாவது படி கிறீச்சென்றது. நான்காவது.

"உங்க பேருக்கு மாத்திட்றேங்கா. மாத்தட்டா? சொல்லுங்கக்கா."

கொஞ்ச நேரத்துக்கு முன் நானே கேட்டதுதான். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். படிக்கட்டின் மேல் விளிம்பில், அழுக்கேறிய நகங்களோடு ஒரு கை மரத்தைப் பற்றியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு கை. அப்பா இவர்கள் ஒவ்வொருவரையும் குளிப்பாட்டியிருக்கிறார், தலை துவட்டியிருக்கிறார். ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அவர் மகள் மறுத்தாள் என்று இருக்கக் கூடாது.

"மாத்து," என்றேன்.

லேப்டாப் பேட்டரியில், தன் செல்போன் நெட்டை வைத்து, தப்பும் தவறுமாக அடித்தான். என் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கினான். பதிவுகள் எல்லாவற்றையும் மொத்தமாகக் குறித்து மாற்றினான். 'உரியவர்: ஜெயந்தி' என்று திரையில் வரிசையாக வந்தது. படியிலிருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன.

"சரிம்மா," என்றது அந்தக் குரல்.

கால்கள் இறங்கிப் போயின. வாசனையும் போனது. கரண்ட் வந்து மின்விசிறி சுற்ற ஆரம்பித்தபோது குரு பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான், போட்டிருந்த ஷூவின் நாடாகூடக் கட்டவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயம் மெதுவாக விலகி, வெட்கமில்லாமல் எனக்கு ஒரு பெருமை வந்தது. அப்பா விட்டுப் போனவர்களை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன்.

விழா நடந்தது. முக்கியஸ்தர் வந்தார், வெப்சைட்டைப் பார்த்து 'வெரி குட்' என்றார், கோதண்டராமன் வேர்வை வழியச் சிரித்தார். ஆம்புலன்சைவிடப் பெரிய பேனரில் அவர் படம். பிணம் எடுக்கிற வண்டிக்கு யாராவது பன்னீர் தெளிப்பார்களா? தெளித்தார்கள்.

அதற்கடுத்த வாரம், சாயங்காலம், குரு போன் செய்தான். எடுக்கவே மனமில்லை. எடுத்தேன்.

குரல் கம்மிப்போய் இருந்தது. சென்னையில் அவன் தங்கியிருக்கும் வீட்டு ஹாலில் தினமும் ஒரு பெரியவர் வந்து உட்காருகிறாராம். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி. கதவு பூட்டித்தான் இருக்கிறதாம். அதட்டுவதில்லை, மிரட்டுவதில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாராம்.

"இன்னா கேக்கறார்?"

"சோறுக்கா. பொழுது சாயறதுக்குள்ள போட்ருங்கறாரு. நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்றேன், அது வர்றதுக்குள்ள இருட்டிடுது. அதுக்கப்புறம் வெச்சா தொடமாட்றாரு. தெனம் இதேதான். பசியோடவே உக்காந்துனு இருக்கறாரு."

நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

அவசரமாக வெப்சைட்டைத் திறந்தேன். பதிவுகள் எல்லாவற்றிலும் என் பெயர்தான் இருந்தது. பிறகு 'நிறுவனர்' பக்கத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியுமாக அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படத்துக்குக் கீழே, 'உரியவர்: குரு'.

அந்த மென்பொருளில் பதிவுகள் ஒரு பட்டியல், பக்கங்கள் வேறொரு பட்டியல். அன்று பயத்தில் அவன் பதிவுகளை மட்டும் மாற்றியிருக்கிறான். ஊரில் கேட்பாரற்ற எல்லோரையும் என் பெயருக்கு எழுதிவிட்டு, என்னைப் பெற்றவரைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான், அரைவேக்காடு.

"மாத்துடா," என்று கத்தினேன். "என் பேருக்கு மாத்து."

"மாத்திட்டேங்கா. மாத்த மாத்த என் பேருக்கே வந்துடுது."

எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். என் அப்பா பசியோடு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் ஒரு கைலியைப் பார்த்துச் சிரித்தவன் வீட்டில். அரிசி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வடிக்கத் தெரியாது என்றான். அதுகூடத் தெரியாது. களையச் சொன்னேன், தண்ணீர் அளவு சொன்னேன், எப்போது இறக்க வேண்டும் என்று சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், சோற்றைப் பிசையும் சத்தமும், அப்பா சாப்பிடும்போது விடும் அந்தச் சின்னப் பெருமூச்சும் போனில் தெளிவாகக் கேட்டன.

"போனை அவர்கிட்ட குடு," என்றேன்.

குரு எழுந்து போவது கேட்டது. "பெரியவரே, உங்க பொண்ணு. ஜெயந்தி. பேசுங்க."

பிசையும் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல். எனக்குப் பெயர் வைத்த குரல்.

"எனக்கேது பொண்ணு? உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கறாங்க, நைனா?"